கடைமடை இருளர் குடியிருப்புக்குப் பொதுத் தண்ணீர்த் தொட்டி: எது நிற்கும், எது நிற்காது

கடலூர் மாவட்டத்தில் கிள்ளை, பிச்சாவரம் பக்கம் உப்பங்கழி ஓரமாக இருக்கும் இருளர் குடியிருப்புகளில் காலடியில் தோண்டினால் வருவது உப்புத் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தால்தான் குடிக்க முடியும். குழாயோ கடைசியில் இருப்பவர்களுக்குக் கடைசியாகத்தான் வரும். இந்த மாதிரி இடங்களுக்கு இப்போது போடப்படும் ஏற்பாடுகள் மூன்று: பல ஊருக்கும் பொதுவான கூட்டுக் குடிநீர்க் குழாயில் இணைத்த 5,000 லிட்டர் பொதுத் தொட்டி, தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம், வீட்டு மழைநீர்த் தொட்டி. முதலாவதுதான் பெரும்பாலும் போடப்படுகிறது, அதில்தான் அதிகம் கோட்டை விடப்படுகிறது. அதனால் இங்கே அதற்கே அதிக இடம்.

பொதுத் தொட்டி ஏன் என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழுக்களாக வகைப்படுத்தப்பட்டவை. இவர்களுக்கென 2023 நவம்பர் 15 அன்று தொடங்கிய ஒன்றிய அரசின் பி.எம். ஜன்மன் திட்டத்தில், 20 வீட்டுக்குக் குறைவான குடியிருப்புகளுக்குப் பொது நீர் வழங்கல் என்று தனிப் பிரிவே வைக்கப்பட்டது. கடற்கரையோரக் குடியிருப்புகள் பல இந்த அளவுக்குள் வருபவை. பட்டா இல்லாத புறம்போக்கில் இருக்கும் வீடுகளிடம் இணைப்புக்கு வீட்டுவரி ரசீது கேட்டால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். பொதுத் தொட்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. கழியில் கையால் இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள் ஓதத்தை, அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்த்து வேலைக்குப் போகிறவர்கள். ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். குழாய்த் தண்ணீரோ ஒரே நேரத்துக்குத் திறக்கப்படும். மாதத்தில் பாதி நாள் தண்ணீர் வரும் நேரத்தில் பிடிக்க ஆள் இருக்கமாட்டார்கள். ஆள் இல்லாமலே தண்ணீரைப் பிடித்து வைப்பது தொட்டி மட்டும்தான்.

இப்போது கணக்கு. 18 வீடு, 75 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்ட அளவுப்படி ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர், ஆக 4,125 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி போதும் என்று காகிதத்தில் தெரியும். ஆனால் தொட்டியின் கொள்ளளவு ஒன்று, அதில் ஏறும் தண்ணீர் வேறொன்று. 15 லிட்டர் குடம் நிறைய 45 வினாடி ஆகிறது என்றால் குழாயில் நிமிடத்துக்கு 20 லிட்டர் வருகிறது. ஒரு மணி நேரம் விட்டால் 1,200 லிட்டர். ஆளுக்கு 16 லிட்டர்தான் தேறும். 5,000 லிட்டர் நிறைய நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊர் என்றால் ஒவ்வொரு முறையும் 8,250 லிட்டர் பிடிக்க வேண்டும். அதற்குத் தொட்டியும் போதாது, நேரமும் போதாது. ஆகவே தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன் குடம் நிறைய எத்தனை வினாடி, எத்தனை மணி நேரம் விடுகிறார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். குடத்தை வைத்து அளப்பதை, தண்ணீர் திறந்த முதல் பத்து நிமிடத்தில் ஒன்று, நிறுத்துவதற்கு முன் ஒன்று என இருமுறை செய்ய வேண்டும். தொடக்கத்தில் குழாயிலிருக்கும் காற்று வெளியேறும்போது வரும் சீறலை வேகம் என்று நினைத்து ஏமாறக்கூடாது.

அடுத்தது உயரம். மூன்று மீட்டர் மேடையின்மேல் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை உட்காரவைத்தால் தண்ணீர் உள்ளே விழும் வாய் தரையிலிருந்து ஐந்து மீட்டரில் இருக்கும். பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் வேண்டும் என்பது கணக்கு. கடைசிக் குழாயில் 0.3 கிலோதான் இருக்கிறது என்றால் தண்ணீர் மூன்று மீட்டரோடு நின்றுவிடும். மேடையைத் தொடும், தொட்டிக்குள் விழாது. கடைமடையில் தொட்டி காய்ந்து கிடப்பதற்கு இதுவே முதல் காரணம். அழுத்தமானி இல்லாமலே இதைச் சோதிக்கலாம். தண்ணீர் விடும் நேரத்தில் குழாய் வாயில் உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றைக் கசிவில்லாமல் மாட்டி, ஒரு மூங்கிலில் கட்டி மேலே தூக்குங்கள். தண்ணீர் எந்த உயரத்தில் அசையாமல் நிற்கிறதோ அதுதான் அந்தக் குழாயின் பலம். தொட்டியின் வாய் அதைவிட ஒரு மீட்டராவது கீழே இருந்தால்தான் உருப்படியாக நிறையும்.

பலம் குறைவு என்று தெரிந்தால் சிலர் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டிவிடுகிறார்கள். இது கூடவே கூடாது. மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, வழியில் விரிசல் இருக்கும் இடமெல்லாம் வாய்க்கால் தண்ணீரும் சாக்கடையும் உள்ளே இழுபடும். அடுத்த தெருவுக்கும் தண்ணீர் போகாது. மேல்பக்கத்து ஊர்களில் இப்படி மாட்டியிருப்பதே கடைசிக் குடியிருப்புக்குத் தண்ணீர் வராததற்குப் பல இடங்களில் காரணம். சரியான வழி, தரைமட்டத் தொட்டி ஒன்று கட்டி, குழாய்த் தண்ணீர் தன் போக்கில் அதில் விழச் செய்து, அங்கிருந்து அரை எச்.பி. மோட்டாரால் மேலே ஏற்றுவது.

தரைமட்டத் தொட்டியில் இந்த மண்ணுக்கே உரிய இரண்டு ஆபத்து உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் இரண்டு மூன்று அடிக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்து அது காலியாக இருந்தால் அப்படியே மேலே மிதந்து எழும்பி, குழாய் இணைப்பையெல்லாம் பிய்த்துவிடும். ஆகவே இங்கே கான்கிரீட் தொட்டிதான், அதுவும் முக்கால் பங்கு தரைக்கு மேலே இருக்கட்டும். இரண்டாவது, மூடியின் விளிம்பு. ஊரில் வெள்ளம் நின்ற உச்ச மட்டம் எதுவென்று பெரியவர்களைக் கேட்டு, அதைவிட இரண்டடி உயர்த்திக் கட்ட வேண்டும். ஒருமுறை வெள்ளம் உள்ளே இறங்கிவிட்டால் தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, குளோரின் ஊறவைத்த பிறகுதான் குடிக்கலாம். வெள்ள நேரத்தில் அதற்குத் தண்ணீரும் கிடைக்காது, மின்சாரமும் இருக்காது.

உள்ளே விழும் குழாயில், தொட்டி நிறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும் மிதவை வால்வு கட்டாயம். ஒரு அங்குலப் பித்தளை வால்வு போடுங்கள். மலிவான பிளாஸ்டிக் வால்வின் இருக்கையில் மணல் சிக்கினால் மூடாது, இரவெல்லாம் வழிந்து ஓடும். வால்வுக்கு முன் ஒரு ஒய் (Y) வடிவ வடிகட்டி மாட்டினால் மணல் அங்கேயே நின்றுவிடும். மாதம் ஒருமுறை அதன் திருகைக் கழற்றிக் கழுவ ஐந்து நிமிடம் போதும்.

வெளியே போகும் குழாயைத் தொட்டியின் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வைக்க வேண்டும், வண்டல் அடியில் தங்கட்டும். கழுவி விடுவதற்கு அடிமட்டத்தில் தனி வால்வு இருக்க வேண்டும். பல ஒப்பந்தக்காரர்கள் இந்த வால்வை விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத தொட்டியைக் கழுவ ஆள் உள்ளே இறங்கிச் சேற்றை வாளியில் மொண்டுதான் ஆக வேண்டும், நடைமுறையில் யாரும் கழுவுவதில்லை. குழாயடியில் வாய்க் குழாய்கள் மேடையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தால் குடம் தாராளமாக நிற்கும். இரும்புக் குழாய் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துப் போகும். பித்தளை அல்லது நல்ல பி.வி.சி. தான் தாங்கும். 18 வீட்டுக்கு நான்கு வாய்க் குழாய் சரி. கீழே சிந்தும் தண்ணீருக்கு உறிஞ்சுகுழி தோண்டச் சொல்வார்கள். நீர்மட்டம் இத்தனை மேலே இருக்கும் இடத்தில் உறிஞ்சுகுழி உறிஞ்சாது, கொசுக்குட்டை ஆகிவிடும். வாய்க்கால் வெட்டித் தென்னைக்கோ வாழைக்கோ விட்டுவிடுங்கள்.

இனி, இந்த ஏற்பாட்டில் பெரும்பாலும் யாரும் செய்யாத ஒன்று. மேல்தொட்டியின் வழக்கமான வெளிக்குழாயை அடியில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்து, நான்கு விரல் உயரத்தில் இன்னொரு வெளிக்குழாய் விட்டு அதில் பூட்டுப் போடும் கேட் வால்வு பொருத்த வேண்டும். குழாயடியில் தண்ணீர் நின்றுபோன பிறகும் தொட்டியில் சுமார் 1,700 லிட்டர் இருக்கும். 75 பேருக்குக் குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால் நாளைக்கு 375 லிட்டர். நான்கு நாளுக்கு மேல் வரும். சாவி குடியிருப்புக்குள்ளேயே, பெண்கள் குழுவிடம் இருக்கட்டும். குழாய் உடைந்தாலோ மின்சாரம் போனாலோ திறக்கலாம். புதிய தண்ணீர் மேலிருந்து விழுந்து கலந்துகொண்டே இருப்பதால் அடித்தண்ணீர் தேங்கிக் கெடாது. இதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு வால்வு, சில அடி குழாய், ஒரு பூட்டு.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் பங்கிடும்போதே பழங்குடி மக்களின் நிலத்துக்கென ஒரு பங்கைத் தனியே ஒதுக்கும் கொள்கை 2017-இல் வந்தது. 2019-இல் அங்குள்ள நீர்ச் சட்டத்திலும் சேர்க்கப்பட்டது. அது குடிநீருக்கல்ல, அந்த மக்கள் தங்கள் நிலத்தில் தொழில் செய்து பிழைப்பதற்கான நீர். ஆனால் ஏற்கெனவே பிறருக்கு உரிமம் கொடுத்துத் தீர்த்துவிட்ட இடங்களில் அந்த ஒதுக்கீடு பெயரளவில்தான் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்தத் தண்ணீர் இல்லை. நம் ஊரிலும் 55 லிட்டர் என்ற உரிமை எழுத்தில் இருக்கிறது. மேல்பக்கம் எடுத்தது போக மிச்சம் வந்தால்தான் கடைசிக் குடியிருப்புக்கு அது கிடைக்கும். வேறு யாரும் எடுக்க முடியாதபடி தொட்டிக்குள் நிற்கும் 1,700 லிட்டர் அப்படியல்ல, அது அவர்களுடையது.

குளோரின் விஷயத்தில் கைக்கு வந்தபடி போடுவதுதான் எங்கும் வழக்கம். 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம், 5,000 லிட்டருக்கு 20 கிராம். இதை வாளித் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். சுண்ணாம்புக் கசடைக் கொட்டினால் குழாய் அடைக்கும். அரை மணி நேரம் கழித்துத் திறக்கலாம். கடைசி வாய்க் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சோதனை மருந்தைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் காட்டும். நிறமே வராவிட்டால் முதலில் பவுடரைச் சந்தேகியுங்கள். கடற்கரை ஈரக்காற்றில் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் சீக்கிரம் போய்விடும். சிறு பொட்டலமாக வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பதே சரி.

புயலுக்கும் இந்தத் தொட்டிகளைத் தயார்ப்படுத்த வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2018 நவம்பர் 16-இல் ‘கஜா’ புயல் இரண்டும் இந்தப் பக்கத்துக் கடற்கரையைத் தாக்கியவை. காலிப் பிளாஸ்டிக் தொட்டியைக் காற்று தூக்கிக்கொண்டு போகும். 5,000 லிட்டர் நிறைந்த தொட்டி ஐந்து டன் எடை, அசையாது. எச்சரிக்கை வந்தவுடன் முதல் வேலை தொட்டியை நிரப்புவது, அடுத்தது மிதவை வால்வுக்கு முன்னால் இருக்கும் வால்வை மூடுவது. குழாய் எங்காவது உடைந்து சேற்றுத் தண்ணீர் வந்தாலும் உள்ளே விழாது. மேடையோடு சேர்த்து இரும்புப் பட்டை போட்டுக் கட்டியிருப்பதும் அவசியம்.

தரைமட்டத் தொட்டி, பூட்டு வால்வு, கழுவும் வால்வு மூன்றும் உள்ள பொதுத் தொட்டிக்கு 5-க்கு 4 மதிப்பெண் தாராளமாகத் தரலாம். இவை இல்லாமல் மேடையும் கறுப்புத் தொட்டியும் மட்டும் என்றால் 2-க்கு மேல் தருவதற்கில்லை.

ஆர்.ஓ. இயந்திரத்தைப் பலர் கேட்டு வாங்குகிறார்கள். உப்புத் தண்ணீரையும் குடிநீர் ஆக்கும் என்பது உண்மைதான். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருப்பது ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாதபோது 2,000 வரை அனுமதி. அதற்கும் மேலே போகும் போர்த் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது. ஆனால் சிறு குடியிருப்புக்கு இதன் கணக்கு ஒத்துவராது. மணிக்கு 250 லிட்டர் தரும் சிறு இயந்திரமே இந்த 75 பேருக்குத் தேவையான 375 லிட்டரை ஒன்றரை மணி நேரத்தில் தந்துவிடும். 20 லிட்டர் ஐந்து ரூபாய் என்று விற்றால் நாளைக்கு 95 ரூபாய்கூட வராது, மாதம் 2,850-க்குள். மின்கட்டணம், மாதாமாதம் மாற்ற வேண்டிய 5 மைக்ரான் வடிகட்டி, செதில் படியாமல் தடுக்கும் மருந்து, இயக்குபவருக்குக் கூலி எல்லாம் இதிலிருந்து வராது. உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேன் இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியது, ஒன்றின் விலை பத்தாயிரம் ரூபாய் அளவில் தொடங்கும். ஊராட்சி பராமரிப்புச் செலவை எழுத்தில் ஏற்றுக்கொண்டால் தவிர இயந்திரம் முதல் மெம்பிரேனோடு நின்றுவிடும்.

கெடும் விதமும் எப்போதும் ஒன்றே. முன்வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்தமானிகளுக்கிடையே வித்தியாசம் 0.7 கிலோவைத் தாண்டினால் வடிகட்டியை மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் பம்பு தண்ணீர் கிடைக்காமல் வறண்டு ஓடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைக் கார்பன் வடிகட்டி இல்லாமல் நேராக விட்டால் மெம்பிரேன் கருகிப்போகும், பிறகு எத்தனை கழுவினாலும் உப்பு நிற்காது. வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் உள்ளே பாசி பிடிக்கும். ஒரு சதவீத சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசல் நிரப்பி மூட வேண்டும். கழிவுத் தண்ணீரை எங்கே விடுவது என்பதை யாரும் யோசிப்பதில்லை. உள்ளே போனதில் பாதி, இரட்டிப்பு உப்போடு வெளியே வரும். அதை ஊர்க் குளத்திலோ நாற்றங்காலிலோ விட்டால் இருக்கும் நல்ல தண்ணீரும் போச்சு. பாத்திரம் கழுவவும் அதைப் பயன்படுத்த முடியாத அளவு உப்பாக இருந்தால் கழிக்கே குழாய் போட வேண்டும். 100 வீட்டுக்கு மேல் இருந்தால் 5-க்கு 3, இருபது வீட்டுக்கு 1.5.

கேன் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். தினக்கூலியில் வாழும் குடும்பத்தின் மாத வருமானத்தில் அது விழுங்கும் பங்கு மிகப் பெரியது, அதை ஒரு ஏற்பாடாகக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

மழைநீர்த் தொட்டி இந்தப் பகுதிக்குத் துணைக்கு மிக நல்லது, தனியாக நிற்காது. வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பெருமழை. 28 சதுர மீட்டர் கான்கிரீட் அல்லது தகரக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு விழும் 28 லிட்டரில் வீணாவது போகச் சுமார் 22 லிட்டர் தேறும், 45 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர் நிறைந்துவிடும். மார்கழிக் கடைசியில் நிறைந்த தொட்டியிலிருந்து ஐந்து பேர் குடும்பம் குடிக்கச் சமைக்க நாளைக்கு 25 லிட்டர் எடுத்தால் 40 நாள் வரும், மாசி நடுப்பகுதி வரை. 2,000 லிட்டர் என்றால் பங்குனி இறுதி. அதற்குப் பிறகு குழாய்தான். கீற்றுக் கூரையில் இது நடக்காது, தண்ணீர் பழுப்பாகி நாறும்.

முதல் மழையின் முதல் ஒரு மில்லிமீட்டர் கூரை அழுக்கோடு வரும், அதை ஒதுக்க வேண்டும். 28 லிட்டர். ஆறு அங்குலப் பி.வி.சி. குழாயில் ஒன்றரை மீட்டர் நீளத்தை நெட்டுக்குத்தாக நிறுத்தி அடியில் மூடி போட்டால் ஏறத்தாழ அந்த அளவு பிடிக்கும். மழை விட்டதும் அடிமூடியைத் திறந்து விட வேண்டும், மறந்தால் அடுத்த மழை அழுக்கு நேராகத் தொட்டிக்குப் போகும். அடுத்து 200 லிட்டர் டிரம்மில் வடிகட்டி. அடியில் 20 மில்லிமீட்டர் ஜல்லி அரையடி, மேலே சிறு ஜல்லி நான்கு அங்குலம், நைலான் வலை, அதன்மேல் கழுவிய பரு மணல் ஒரு அடி. கடல் மணல் போட்டால் தண்ணீர் உப்பாகும். எம்-சாண்ட் என்றால் கழுவும் தண்ணீர் தெளிவாகும் வரை அலச வேண்டும். தொட்டி வாய்க்கும் வழிகுழாய்க்கும் கொசுவலை கட்டாவிட்டால் டெங்கு கொசுவுக்கு வீடு கட்டிக்கொடுத்தது போலாகும். பராமரிக்கும் வீட்டில் 5-க்கு 3.5.

ஒப்பந்தக்காரர் வேலையை முடித்து ஊராட்சியில் ஒப்படைக்கும் நாள் எது என்பதிலும் கவனம் வேண்டும். கார்த்திகையில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும், எல்லாத் தொட்டியும் நிறையும். குறுவைச் சாகுபடிக்கு மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன், சித்திரை வைகாசியில் ஆறு வறண்டு கிடக்கும்போது, மூன்று நாள் தொடர்ந்து குட அளவும் ஹோஸ் உயரமும் எடுத்துப் பதிவு செய்த பிறகே வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடுமாறு ஊராட்சியிடம் கேளுங்கள். கிராமசபையில் இதைத் தீர்மானமாகவே எழுதச் சொல்லலாம். அந்தத் தீர்மானத்தில் பூட்டு வால்வின் சாவி யாரிடம் இருக்கும், பிளீச்சிங் பவுடர் மாதத்துக்கு எத்தனை கிலோ, மோட்டார் கெட்டால் எத்தனை நாளில் மாற்றுவார்கள் என்ற மூன்றும் சேர்ந்திருக்கட்டும்.